கடைசி பெஞ்சின் சிவப்பு நூல்

இந்தக் கதையை நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். கல்யாணப் பந்தியில், ரயிலில், ஆசிரியர் கூட்டங்களில் டீ வரத் தாமதமானபோது. நான் நூலை வாயில் போட்டுக்கொள்ளும் இடம் வந்ததும் எல்லோரும் சிரிப்பார்கள். அங்கேயே நிறுத்திவிடுவேன். அதற்கப்புறம் என்ன ஆச்சு என்று யாரும் கேட்டதில்லை, நானும் வலியப் போய்ச் சொன்னதில்லை. ஐம்பதைத் தொடப்போகும் வயதில் இந்த ஒரு தடவை முழுசாக எழுதிப் பார்க்கிறேன். சிரிக்க வேண்டிய இடங்களில் சிரித்துக்கொள்ளுங்கள், தடையில்லை.

அப்போது எனக்கு இருபத்துநாலு. நகரிக்குப் பக்கத்தில், நெசவுத் தெருக்கள் நாலைந்துக்கும் சேர்த்து ஒரு ஹையர் எலிமென்டரி பள்ளிக்கூடம். அதில் தமிழ்ப் பிரிவு ஏழாம் வகுப்பு என் கையில். கையில் என்பது ஒரு பேச்சுக்கு. நாற்பத்திரண்டு பிள்ளைகள் கையில் நான் இருந்தேன் என்பதுதான் சரி. கரும்பலகையில் எழுதத் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் திருவிழா. திரும்பிப் பார்த்தால் நாற்பத்திரண்டு பேரும் சாமி படம் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். பிரம்பு வைத்திருந்தேன். ஓங்கினால் என் கைதான் முதலில் நடுங்கும். ஒருநாள் முதல் பெஞ்சுப் பையன் ஒருவன், "சார், பயப்படாம அடிங்க சார்" என்று கையை நீட்டினான். அன்றோடு பிரம்பை அலமாரி மேல் போட்டுவிட்டேன்.

எங்கள் பெரிய சார் தெலுங்குக்காரர். தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பார். என் வகுப்புப் பக்கம் வரும்போதெல்லாம் வாசலில் நின்று, "ஏமய்யா, இது கிளாஸா சந்தையா?" என்பார். சந்தை என்றால் ஒரு சாமானாவது விற்றிருக்கும் என்று சொல்லத் தோன்றும். சொன்னதில்லை. ஏனென்றால் அந்த நாளில் எனக்கு இருந்த பெரிய கவலையே யாரும் என்மேல் கோபப்பட்டுவிடக் கூடாது என்பதுதான்.

ஆந்திராவுக்கும் மதராசுக்கும் எல்லை பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. சத்தியவேடு இந்தப் பக்கம் வருகிறது, திருத்தணி அந்தப் பக்கம் போகிறது என்று டீக்கடையில் தினம் ஒரு வரைபடம் போடுவார்கள். என் ஊர் திருத்தணிப் பக்கம். அம்மா அங்கே தனியாக இருந்தாள். எந்தப் பக்கம் வேலை வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு, விடுமுறை கிடைத்தபோதெல்லாம் சித்தூர் ஆபீசுக்குப் போய் நின்றேன். அங்கே ஒரு குமாஸ்தா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, பேரில் ஒரு புகார் இல்லாத ஆசாமியாக இருந்தால் காகிதம் தானாக நகரும், ஒரே ஒரு புகார் வந்தாலும் கட்டுக்கு அடியில் போய்விடும் என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். பொதுவாகச் சொன்னது எனக்குக் காய்ச்சலாகிவிட்டது. திரும்பும் வழியில், மாற்றல் வந்தால் திருப்பதியில் முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அப்போது எனக்கு நல்ல அடர்த்தியான முடி. பெரிய தியாகம் என்றே நினைத்தேன்.

என் வாய் சும்மா இருக்காதே. இதையும் வகுப்பில் கதையாக்கினேன். "என் மேல ஒரு புகார் போச்சோ, என்னை இங்கயே ஆணி அடிச்சிருவாங்க. அங்க எங்கம்மா தனியா அழுவாங்க, இங்க உங்க பேரப்பிள்ளைங்களுக்கும் நான்தான் கணக்கு வாத்தியார். யோசிச்சிக்கோங்க" என்றேன். நாற்பத்திரண்டு பேரும் விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி சிரிக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சரி, வகுப்பை அடக்க என்ன வழி? நூல் யோசனை எனக்கு வந்தது நெசவுத் தெருவில் நடந்து வரும்போதுதான். பார்த்த இடமெல்லாம் நூல். எட்டு பெஞ்சுக்கும் எட்டு சணல் கயிறு வாங்கி, சுவரில் எட்டு ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். ஒரு பீரியட் முழுக்கச் சத்தம் போடாத பெஞ்சின் கயிற்றில் ஒரு வெள்ளை நூல் கட்டுவேன். பெஞ்சில் எல்லோரும் வீட்டுக்கணக்கு போட்டு வந்தால் நீலம். அரை நாள் சனிக்கிழமையைக் கழித்து, ஒரு வாரம் முழுக்க ஒருத்தர்கூட தாமதமாகாமல் வந்தால் சிவப்பு. பந்து பந்தாகக் கடையில் வாங்கினேன், சிவப்பு மட்டும் சின்னப் பந்து. அவ்வளவு ஒழுங்காக யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

ஆச்சரியம், வேலை செய்தது. காசுக்கு அடங்காத பிள்ளைகள் முழ நூலுக்கு அடங்கினார்கள். வாயைத் திறப்பவனைப் பக்கத்தில் இருப்பவனே கிள்ளினான். முதல் பெஞ்சுப் பையன்கள் இரண்டு சிவப்பு வாங்கிவிட்டு, தலைவர்கள் மாதிரி நடந்தார்கள். பெரிய சார் வாசலில் நின்று ஒன்றும் சொல்லாமல் போனார். எனக்கு அதுவே விருது.

கடைசி பெஞ்சுக்கு மட்டும் சிவப்பே இல்லை. அது பெண்பிள்ளைகள் பெஞ்சு. ஐந்து பேர், ஐந்து பேர் வீட்டிலும் தறி. விடியற்காலையில் பாவு போடுவார்கள். தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் உலர்த்தி எடுக்க வேண்டும். இழை ஒட்டாமல் பார்த்துக்கொள்ள வீட்டில் இருக்கும் அத்தனை கையும் வேண்டும். பாவு போடுகிற நாளில் இந்த ஐந்தில் இரண்டு பேராவது தாமதமாகத்தான் வருவார்கள், விரலில் காய்ந்த கஞ்சியோடு. நான் வாசலில் நிறுத்தி, "வாங்க மகாராணி, பாவு முடிஞ்சிதா?" என்பேன். வகுப்பு சிரிக்கும். சிரிக்க வைப்பதும் ஒரு பாடம் நடத்துவதுதான் என்று நான் நம்பிய காலம்.

அந்த பெஞ்சுக்குத் தலைவி ஒருத்தி. பதின்மூன்று வயசு. ஒல்லி, குரல் மட்டும் பெரிசு. கணக்கில் என்னைவிட வேகம். எட்டாவது முடித்து ஹைஸ்கூல் போகவேண்டும் என்று அவளுக்கு ஆசை. தெருவில் எட்டாவதைத் தாண்டிய பெண் யாரும் இல்லை என்று அவளே ஒருநாள், குறையாக இல்லாமல் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அவள் அந்த சிவப்பை விடுவதாக இல்லை. ஒரு வாரம் பாவு இரண்டு வீட்டில் இருந்தது. ஐந்து பேரையும் இரண்டு வீட்டுக்கும் முறை போட்டு அனுப்பி, பெரியவர்களை இருட்டோடு எழுப்பிவிட்டு, கடைசி நிமிஷத்தில் கஞ்சிக் கையோடு ஓடிவந்து, திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து பேரும் முதல் மணிக்கு உள்ளே இருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எழுந்து நின்றாள்.

"சார், எங்களுக்கு செவப்பு."

இழுப்பறையைத் திறந்தேன். சிவப்புப் பந்து தீர்ந்துபோயிருந்தது. தீர்ந்துவிட்டது, திங்கட்கிழமை வாங்கி வந்து கட்டுகிறேன் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் நானாயிற்றே.

"செவப்பு தீந்துபோச்சு மகாராணி. உங்க வீட்டுல இல்லாத செவப்பா? ஒரு கத்தை கொண்டா, உங்க பெஞ்சுக்கு என்ன, உங்க தெருவுக்கே கட்டறேன்."

வகுப்பு சிரித்தது. அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

திங்கட்கிழமை ஒரு சின்னக் கத்தை கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். அப்படி ஒரு சிவப்பு. கடை நூல் அதன் பக்கத்தில் செங்கல் பொடி மாதிரி இருந்தது. இரண்டு விரலால் ஒரு முழம் உருவி அவர்கள் கயிற்றில் கட்டினேன். ஐந்து பேரும் கை தட்டினார்கள். மிச்சத்தை இழுப்பறையில், சாக்பீஸ் டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். எங்கே எடுத்தாய் என்று கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை இடைவேளை முடிந்து, பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னல் ஓரத்துப் பையன், அவள் அப்பா வருகிறார் என்றான். பார்த்தேன். மைதானத்தில் ஓர் ஆள், வேகமும் இல்லாமல் மெதுவும் இல்லாமல் வந்துகொண்டிருந்தார். அவள் எழுந்துவிட்டாள். "சார், அது அறுந்தா முடியறதுக்கு வெச்சிருந்த நூல் சார். எனக்குத் தெரியல சார், மிச்சம்னு நெனச்சிட்டேன்" என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

எனக்கு நெசவு தெரியாது. ஆனால் புகார் என்ற வார்த்தை தெரியும். அது மைதானத்தைத் தாண்டி நடந்து வந்துகொண்டிருந்தது. சித்தூர் குமாஸ்தாவின் மூக்குக்கண்ணாடி தெரிந்தது. கட்டுக்கு அடியில் என் காகிதம் தெரிந்தது. ஒரே தாவலாகச் சுவருக்குப் போய், கடைசி பெஞ்சுக் கயிற்றிலிருந்து சிவப்பை உருவினேன். சட்டையில் பை இல்லை. வேட்டி மடிப்பில் வைத்தால் விழும். வாயில் போட்டுக் கன்னத்தில் அதக்கிக்கொண்டேன்.

இங்கேதான் எல்லோரும் சிரிப்பார்கள்.

அவர் வாசலில் நின்று தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். தொந்தரவுக்கு மன்னிக்கச் சொன்னார். ஒரு கல்யாணச் சேலை தறியில் இருக்கிறது, பாதிக்கு மேல் ஓடிவிட்டது. கரைக்குத் தானே காய்ச்சிய சாயம். ஒரே காய்ச்சலில் எடுத்த நூல். இழை அறுந்தால் முடிந்துகொள்ள அதே நூலில் ஒரு கத்தை தனியாக வைத்திருந்தார். நேற்று கரையில் ஆறேழு இழை அறுந்துவிட்டது, போய்ப் பார்த்தால் கத்தை இல்லை. வேறு சிவப்பில் முடிந்தால் கோடு போட்டதுபோலத் தெரியும். தெருவில் ஒரு குழந்தை, பள்ளிக்கூடத்தில் நூல் கட்டுகிறார்கள் என்று சொன்னது, அதான் வந்தேன் என்றார்.

"சார் ஏதாச்சும் செவப்பு நூல் கேட்டீங்களா?"

"நூலா? நான் கணக்கு வாத்தியாருங்க" என்றேன், ஒரு கன்னத்தால். சுவரில் தொங்கும் எட்டுக் கயிற்றையும் அவர் பார்த்தார். அதெல்லாம் கைவேலைக்கு, கடையில் வாங்கினது என்றேன். அவர் முதல் பெஞ்சுக் கயிற்றிடம் போய், அதிலிருந்த சிவப்பை விரலுக்கு நடுவில் வைத்து ஒரு தரம் தேய்த்துப் பார்த்தார். "இது என்னுது இல்ல" என்று விட்டுவிட்டார். அவ்வளவு நேர்மை. கடைசி பெஞ்சுக் கயிற்றில் சிவப்பு என்று எதுவும் இல்லை.

இழுப்பறை என் முட்டிக்கு நேராக இருந்தது. திறந்து எடுத்துக் கொடுத்திருந்தால் சேலை பிழைத்திருக்கும். இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கைப்பிடி எனக்குத் துல்லியமாகத் தெரியும். பித்தளை, ஒரு ஆணி தளர்ந்தது.

நாற்பத்திரண்டு பேருக்கும் எல்லாம் தெரியும். ஒரு சத்தம் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அமைதி அது. அன்றைக்குக் கிடைத்தது.

அவர் மகளைப் பார்த்தார். "நீ எட்த்தியாமா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. இழுப்பறையை ஒரு தடவை பார்த்தாள்.

"நான்தான் எட்த்தேன் நைனா. வெளாட்றப்போ எங்கியோ வுட்டுட்டேன்."

அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. "பையை எட்த்துக்கோ" என்றார். எடுத்துக்கொண்டாள். இருவரும் மைதானத்தில் போவதை ஜன்னல் ஓரத்துப் பையன் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். நூலைத் துப்ப ஓர் இடம் தேடினேன். உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தால், அத்தனை நேரம் எச்சிலில் ஊறியும் சாயம் ஒரு சொட்டுக்கூட விடவில்லை. மட்டமான சாயமாக இருந்திருந்தால் உதடெல்லாம் சிவந்து அங்கேயே மாட்டியிருப்பேன். அந்த மனுஷன் தொழிலை ஒழுங்காகச் செய்ததால் நான் தப்பித்தேன்.

அன்று மத்தியானம் பெரிய சார் வாசலில் வந்து நின்றார். ஊசி போட்டால் கேட்கும். "பாகா பெட்டாவய்யா, கிளாஸ்னா இது" என்றார். நன்றாக வைத்திருக்கிறாய் என்று பாராட்டு. வகுப்பு ஒழுங்கு மெச்சும்படி இருக்கிறது என்று சித்தூருக்கு ஒரு கடிதமும் போட்டார்.

அவள் மறுநாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. வகுப்பு அப்படியே அமைதியாக இருந்தது. வெள்ளை நூல் கட்டப் போனால் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருநாள் நான் வருவதற்குள் முதல் பெஞ்சுப் பையன்கள் தங்கள் கயிற்றிலிருந்த இரண்டு சிவப்பையும் அவிழ்த்து மேஜைமேல் வைத்திருந்தார்கள். யார் வைத்தது என்று கேட்டேன். பதில் இல்லை. நான் ஒரு ஜோக் சொன்னேன். எல்லோரும் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார்கள். அந்த வகுப்பு சந்தையாகவே இருந்திருக்கலாம் என்று அன்று நினைத்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை, அரை நாள் பள்ளி முடிந்ததும், கத்தையை எடுத்து ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வழியில் மூன்று தடவை திரும்பினேன். மூன்றாவது தடவை திரும்பும்போது ஒரு கிழவர் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டார். அவமானத்தில் நேராகப் போய்விட்டேன்.

அவர் தறியில் இருந்தார். அவள் தரையில் உட்கார்ந்து ராட்டையில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் காகிதத்தைப் பிரித்து வைத்தேன். கொண்டுவரச் சொன்னது நான்தான், அவள் தொலைக்கவில்லை, அன்றைக்கு என் மேஜையில்தான் இருந்தது என்று சொன்னேன். இதைச் சொல்வதற்கு நான் ஒத்திகை பார்த்த வசனம் வேறு. அதில் கண்ணியமாக இருந்தேன்.

அவர் தறியை நிறுத்தினார்.

"தெரியும் சார். வெத்தல போடாத மனுசருக்கு ஒரு பக்கம் கன்னம் வீங்கிக்கினு இருந்திச்சே."

தெரிந்துமா ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் மகளைக் காட்டினார். வீட்டுக்கு வந்ததும் இவள்தான் காலைப் பிடித்துக்கொண்டாளாம். சார்மேல் புகார் போனால் மாற்றல் வராது, அவர் அம்மா ஊரில் தனியாகக் கிடக்கிறாள், பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சொல்லாதே என்றாளாம்.

நான் சிரிக்க வைக்கச் சொன்னதை ஒருத்தி நிஜமென்று எடுத்துக்கொண்டிருந்தாள். நிஜமும் அதுதான்.

சேலை என்ன ஆயிற்று என்று கேட்டேன். கல்யாணத்துக்காரர்கள் கோட்டைப் பார்த்து வேண்டாம் என்றுவிட்டார்கள். வீட்டில் கிடக்கிறது. கத்தையை அவர் எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். "இது இன்னொரு செவப்போட சேராது சார்" என்று ஆணியில் மாட்டினார்.

அவளைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்றேன். அவள் இஷ்டம் என்றார். ராட்டை நின்றது.

"எல்லாரும் என்னை நூல் திருடின்னு சொல்லிக்கினு கீறாங்க சார். தெருவுல இல்ல, மத்த கிளாஸ்ல. நீங்க கேட்டுதான் எட்த்தாந்தேன்னு கிளாஸ்ல சொல்லுங்க. சொன்னா வரேன்."

சொல்கிறேன் என்றேன். எப்போது என்றாள். திங்கட்கிழமை, முதல் பீரியட் என்றேன்.

"முதல் மணிக்கு வாசல்ல வந்து நிக்கிறேன். நீங்க சொன்னப்புறம் உள்ள வரேன்."

அந்தத் தெருவை விட்டு வரும்போது என் தோளில் இருந்து ஏதோ இறங்கினாற்போல இருந்தது. யாரோ பாவுக்குக் கட்டிய கயிற்றைக்கூட ஒரு துள்ளலில் தாண்டினேன். பள்ளிக்கூடத்து வாசலில் பெரிய சார் ஒரு காகிதத்தோடு நின்றிருந்தார். மத்தியானத் தபாலில் வந்ததாம். மாற்றல். திருத்தணிக்குப் பக்கத்தில், அம்மா வீட்டிலிருந்து நடக்கிற தூரம். இன்றோடு விடுவித்தாயிற்று, சேர்வதற்கு நாலு நாள் இருக்கிறது, திங்கட்கிழமை காலையில் வந்து அலமாரி சாவியைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு போ என்றார்.

சாவியை அப்போதே அவிழ்த்து அவர் கையில் கொடுத்துவிட்டேன். ஏன் அவ்வளவு அவசரம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு ஜோக் தயாராக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குள் ஒரு வழக்கு நடந்தது. வகுப்பில் சொன்னால் பெரிய சார் காதுக்குப் போகும். அவர் எழுதிய கடிதம் பொய்யாகும். சித்தூரிலிருந்து உத்தரவைத் திரும்பப் பெற்றால்? விடுவித்த ஆளைத் திரும்பக் கூப்பிடுவார்களா என்று எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. அதற்குப் பதிலாக வேண்டுதல் ஞாபகம் வந்தது. சாமிக்குச் சொன்ன வார்த்தை அல்லவா முதலில் என்று எனக்குள் ஒரு வக்கீல் பேசினான். ஒரு சின்னப்பெண்ணுக்குச் சொன்ன வார்த்தை இரண்டு நாள் கழித்து ஒரு தபால் கார்டில் போகலாம் என்றான். நல்ல வக்கீல். அவனை இன்றுவரை நான் வைத்திருக்கிறேன். தபால் கார்டை மட்டும் எழுதவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலையில் ஸ்டேஷனுக்குப் போனேன், பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாத வழியாகச் சுற்றி. தெருவில் எங்கோ பாவு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதில் இருந்தாளா என்று பார்க்கவில்லை. ரயிலில் ரேணிகுண்டா, திருப்பதி, பஸ் பிடித்து மலை. முடி கொடுக்கும் இடத்தில் நல்ல கூட்டம். வரிசையில் என் பக்கத்தில் நின்றவர் மணி என்ன என்று கேட்டார். என்னிடம் கடிகாரம் இல்லை. அவருக்கு முன்னால் நின்றவர் பத்தாகிறது என்றார்.

எங்கள் பள்ளியில் முதல் மணி பத்துக்கு அடிப்பார்கள்.

என் முறை வந்தது. உட்கார்ந்தேன். நாவிதர் தலையில் ஒரு கை தண்ணீர் தெளித்து, என் பின்னங்கழுத்தில் விரலை வைத்து, "தல வஞ்சண்டி" என்றார். குனியச் சொல்கிறார். கொஞ்சம் குனிந்தேன். போதாது என்று இன்னும் அழுத்தினார். இன்னும் குனிந்தேன்.